டிராக் ரேஸ் வீக்கெண்ட்: லீவு போட வேண்டியது வெள்ளிக்கிழமைக்கா, திங்கட்கிழமைக்கா?

ஒரு ரவுண்டு பத்து விநாடிக்குள் முடிந்துவிடும். அதைப் பார்க்க, பெங்களூருவில் இருந்து போய் வர சுமார் 620 கிலோமீட்டர் கார் ஓட்ட வேண்டும். கணக்குப் போட்டால் கிறுக்குத்தனமாகத்தான் தெரியும். ஆனாலும் டிராக் ரேஸ் தேதி வெளியானதும் வாட்ஸ்அப் குரூப்பில் "போலாமா மச்சி?" என்று யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார். அடுத்த நிமிடம் "நான் ரெடி" என்று நாலு பேர். யார் கார், யார் பெட்ரோல், எங்கே தங்குவது என்பதெல்லாம் அப்புறம்தான்.

இந்தக் கட்டுரை அந்த 'அப்புறம்' பற்றியது. இருங்காட்டுக்கோட்டைக்கு எப்படிப் போவது, அங்கே எதைப் பார்ப்பது, முக்கியமாக எப்படிப் பத்திரமாக வீடு திரும்புவது?

டிராக் ரேஸ்னா என்ன?

ஃபார்முலா ரேஸ் மாதிரி வளைவு, லேப், பிட் ஸ்டாப் எதுவும் கிடையாது. நேரான பாதை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லேன், இரண்டு வண்டி. கால் மைல், அதாவது 402 மீட்டரை யார் முதலில் கடக்கிறார் என்பதுதான் போட்டி. தோற்றவர் வெளியே, ஜெயித்தவர் அடுத்த சுற்றுக்குள்ளே.

இந்த விளையாட்டு தோன்றிய கதை நம்ம ஊருக்கும் பொருந்தும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இளைஞர்கள் பழைய கார்களின் இன்ஜினை மாற்றி, பொதுச் சாலைகளிலேயே ரேஸ் ஓட்டினார்கள். விபத்துகள், போலீஸ் கெடுபிடி என்று ஆனபோது, அதை ரோட்டில் இருந்து பிரித்தெடுக்க ஒரு வழி தேடப்பட்டது. 1950-ல் சான்டா அனா விமான நிலைய ஓடுபாதை ஒன்று டிராக் ஸ்ட்ரிப் ஆனது. 1951-ல் வாலி பார்க்ஸ் என்பவர் என்ஹெச்ஆர்ஏ என்ற அமைப்பைத் தொடங்கினார். விதிமுறை, பாதுகாப்புச் சோதனை, ஆம்புலன்ஸ் எல்லாம் இருக்கிற இடத்தில் ஓட்டுங்கள், தெருவில் வேண்டாம் என்பதுதான் அதன் அடிப்படை எண்ணம்.

சென்னைக்கும் ஓடுபாதைக் கதை ஒன்று உண்டு. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பல ஆண்டுகள் ரேஸ் நடத்தியது சோழவரத்தில், போர்க்காலத்தில் போடப்பட்ட ஒரு பழைய ரன்வேயில்தான். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த டிராக் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகே, சென்னையில் இருந்து சுமார் 40 கி.மீ. தூரம். இன்று அதன் பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். தேசிய அளவிலான பைக் டிராக் பந்தயங்கள் இங்கே நடந்திருக்கின்றன. சுஸுகி ஹயபுசாவில் பறக்கும், பலமுறை தேசிய சாம்பியனான பெங்களூரு வீரர் ஹேமந்த் முத்தப்பா இந்த டிராக்குக்கு நன்கு பழக்கமான முகம்.

தேதி உறுதியானதும் முதலில் என்ன செய்யணும்?

ஹோட்டல் புக் பண்ணாதீர்கள். இல்லை என்றால், கேன்சல் செய்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பார்த்து புக் பண்ணுங்கள்.

காரணம் மழை. சர்க்யூட் ரேஸில் மழைக்கென்று தனி டயர் மாற்றி ஓட்டிவிடலாம். டிராக் ரேஸில் அது நடக்காது. ஸ்ட்ரிப்பில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பின் டயருக்குப் பிடிமானம் போய்விடும். அதனால் தூறல் விழுந்தால் போட்டி நிற்கும், தரை முழுசாகக் காய்ந்த பிறகுதான் மறுபடி தொடங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் அந்த மாதங்களில் கூடுதல் கவனம் தேவை. தேதியை இன்ஸ்டாகிராம் ஃபார்வர்டில் பார்த்து நம்பாமல், தேசிய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ அல்லது கிளப்பின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் பாருங்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் இரவு இன்னொரு முறை பாருங்கள்.

தங்குவதற்குச் சென்னை நகருக்குள் போகத் தேவையில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், பூந்தமல்லி வட்டாரத்திலேயே அறைகள் கிடைக்கும். கார் தொழிற்சாலைகளுக்கு வரும் வெளிநாட்டவருக்காக இங்கே கொரியன் உணவகங்கள்கூட உண்டு. கூட வருகிற அம்மா, அப்பாவுக்கு ரேஸ் பிடிக்காது என்றால் ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. ராமானுஜர் பிறந்த ஊர் இது.

எந்த வழியா போறது?

பெங்களூருவில் இருந்து: ஓசூர், கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், வாலாஜா, ஸ்ரீபெரும்புதூர். டிராக் இருப்பது இதே நெடுஞ்சாலையை ஒட்டித்தான் என்பதால் வழி தேடி அலைய வேண்டியதில்லை. மொத்தம் சுமார் 310 கி.மீ. ஆம்பூர் ஏறக்குறைய பாதி வழி.

மதுரை, திருச்சியில் இருந்து: விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு தாண்டி, சிங்கபெருமாள் கோவிலில் இடது பக்கம் திரும்பி ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வந்துவிடலாம். தாம்பரம், பெருங்களத்தூர் நெரிசலில் சிக்க வேண்டாம். மதுரையில் இருந்து என்றால் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள்.

கோவையில் இருந்து: சேலம் வந்து, அங்கிருந்து தர்மபுரி, கிருஷ்ணகிரி வழியாக வேலூர் சாலையைப் பிடிக்கலாம். சுமார் 500 கி.மீ. ஒரே ஆள் ஓட்டுகிற தூரம் இல்லை இது.

வாணியம்பாடி, பள்ளிகொண்டா, வாலாஜா என்று டோல்கேட் வரிசையாக வரும். ஃபாஸ்டேக்கில் பேலன்ஸ் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வாலாஜாவுக்கு அப்புறம் சாலை விரிவாக்கப் பணி, சர்வீஸ் ரோடு டைவர்ஷன் எல்லாம் குறுக்கிடலாம். ஸ்ரீபெரும்புதூர் நெருங்கியதும் கன்டெய்னர் லாரிகளும், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்களும் ரோட்டை நிரப்பிவிடும். மேப் காட்டுகிற நேரத்தோடு ஒன்றரை மணி நேரம் கூட்டிக்கொள்வது நல்லது.

வெள்ளி ராத்திரியே கிளம்பிடலாமா?

எல்லா குரூப்பிலும் வருகிற ஐடியா இது. "ஆபீஸ் முடிச்சு ஒன்பது மணிக்குக் கிளம்பினா விடியறதுக்குள்ள போயிடலாம்."

போய்விடலாம். ஆனால் காலையில் இருந்து வேலை பார்த்த உடம்போடு, நள்ளிரவு இரண்டு மணிக்கு ஸ்டியரிங் பிடித்திருப்பீர்கள். நள்ளிரவு தாண்டி விடியற்காலை வரை உடம்பின் இயல்பான கடிகாரம் 'தூங்கு' என்று சொல்கிற நேரம். அந்த நேரத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது எல்லாம் சில நிமிடங்களுக்குத்தான் உதவும். தூக்கத்துக்கு மருந்து தூக்கம் மட்டுமே.

மாற்று ப்ளான் இதோ. வெள்ளி இரவு வீட்டில் தூங்குங்கள். சனி காலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். ஆம்பூர் பக்கம் டிபன். பதினொன்றரை, பன்னிரண்டுக்குள் டிராக் வந்துவிடலாம். இரண்டு நாள் நிகழ்ச்சி என்றால் பொதுவாக முதல் நாள் தகுதிச் சுற்று, இரண்டாம் நாள் இறுதிச் சுற்றுகள். காலையில் ஓரிரு ரன் தவறினாலும் பெரிய நஷ்டம் இல்லை.

அங்கே போனா எதைப் பார்க்கணும்?

முதல் முறை போகிறவர்கள் எல்லோரும் ஃபினிஷ் லைனைப் பார்ப்பார்கள். நீங்கள் ஸ்டார்ட் லைனைப் பாருங்கள். கதை அங்கேதான்.

முதலில் பர்ன்அவுட். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பின் டயரை மட்டும் சுழல விட்டுப் புகை கிளப்புவார்கள். பந்தாவுக்காக மட்டும் இல்லை. டயர் சூடாகி, மேலே ஒட்டிய தூசு போனால்தான் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும்.

அடுத்து, 'கிறிஸ்துமஸ் ட்ரீ' என்று செல்லமாக அழைக்கப்படும் விளக்குக் கம்பம். வண்டி சரியான கோட்டில் வந்து நிற்பதைச் சென்சார் கண்டுபிடித்ததும் மேலே சிறு விளக்குகள் எரியும். பிறகு ஆம்பர், அதற்கடுத்து பச்சை. பச்சை வருவதற்கு முன்பே நகர்ந்தால் சிவப்பு எரியும். அத்தோடு அந்த ரன் போச்சு.

ஸ்கோர்போர்டில் இரண்டு எண்களைக் கவனியுங்கள். பச்சை எரிந்ததில் இருந்து வண்டி நகரும் வரை ஆன நேரம், ரியாக்‌ஷன் டைம். வண்டி நகர்ந்ததில் இருந்து 402 மீட்டர் முடியும் வரை ஆன நேரம், இ.டி. இரண்டையும் கூட்டினால்தான் யார் முதலில் வந்தார் என்று தெரியும்.

உதாரணம்: இடது லேன் வீரரின் ரியாக்‌ஷன் 0.08, ஓட்டம் 9.90 விநாடி. மொத்தம் 9.98. வலது லேன் வீரரின் ரியாக்‌ஷன் 0.25, ஓட்டம் 9.80. மொத்தம் 10.05. வலது லேன் வண்டிதான் வேகமானது. ஆனால் ஜெயித்தது இடது லேன். வண்டியின் பவர் குறைவாக இருந்தாலும் கவனத்தால் ஜெயிக்கலாம் என்பதுதான் இந்த விளையாட்டின் அழகு.

போட்டிகள் சிசி அடிப்படையிலும், டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக் என்றும் பிரிக்கப்படும். சூப்பர் பைக்குகளுக்கு மட்டும் காத்திருக்காமல் சின்ன சிசி பிரிவுகளையும் பாருங்கள். வித்தியாசம் மிகக் குறைவாக இருக்கும் என்பதால் கடைசி மீட்டர் வரை யார் என்று சொல்ல முடியாது.

கையில் இருக்க வேண்டியவை: காதுக்கு ஃபோம் பிளக் (குழந்தைகள் வந்தால் கட்டாயம்), தொப்பி, சன்ஸ்கிரீன், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் ரொக்கம், பவர் பேங்க். தடுப்பு வேலியைத் தாண்டி ரீல்ஸ் எடுக்கப் போகாதீர்கள்.

402 மீட்டருக்கு அப்புறம் என்ன இருக்கு?

ஃபினிஷ் லைனைத் தாண்டியும் பாதை நீள்வதைப் பார்ப்பீர்கள். அதற்கு ஷட்டவுன் ஏரியா என்று பெயர். ஓடிய வேகத்தில் இருந்து பத்திரமாக நிற்பதற்கான இடம். பல ஸ்ட்ரிப்களில் அது ஓடிய தூரத்துக்குச் சமமாகவோ அதைவிட நீளமாகவோ இருக்கும்.

அதன் அருமையை இந்த விளையாட்டு பெரிய விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது. 2008 ஜூனில் நியூஜெர்சியின் இங்கிலீஷ்டவுன் டிராக்கில், என்ஹெச்ஆர்ஏ வீரர் ஸ்காட் கலிட்டாவின் காரில் இன்ஜின் வெடித்தது. வேகத்தைக் குறைக்க முடியாமல் கார் பாதையின் கடைசி வரை போய் மோதியது. அவர் உயிரிழந்தார். அதன் பிறகு மிக வேகமான இரண்டு பிரிவுகளுக்கு ஓடும் தூரமே 402 மீட்டரில் இருந்து 305 மீட்டராகக் குறைக்கப்பட்டது. நிற்பதற்கான இடம் அதிகம் கிடைக்கட்டும் என்று, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலான கால் மைல் மரபையே மாற்றினார்கள்.

இனி, திரும்பி வரும் கதை.

ஞாயிறு சாயங்காலம் என்ன ஆகும்?

இறுதிச் சுற்று முடிந்து வெளியே வரும்போது காதில் இன்னும் அந்தச் சத்தம் இருக்கும். பார்க்கிங்கில் பத்து பேராவது ஆக்ஸிலரேட்டரை முறுக்கிக்கொண்டிருப்பார்கள். நாள் முழுக்க இருநூறைத் தாண்டும் வேகங்களைப் பார்த்த கண்ணுக்கு, ஸ்பீடோமீட்டரில் நூறு என்பது ஒன்றுமே இல்லாத மாதிரி தெரியும்.

எங்கள் காரிலும் அது நடந்தது. நாலு பேர். காலையில் இருந்து வெயிலில் நின்ற களைப்பு. திங்கள் காலை எல்லோருக்கும் ஆபீஸ். வேலூர் தாண்டியதும் பக்கத்தில் ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. எங்களைப் போலவே ரேஸ் பார்த்துத் திரும்புகிறவர்கள். ஓட்டிக்கொண்டிருந்த நண்பன் சிரித்துக்கொண்டே மிதித்தான். நாங்களும் "போடு போடு" என்றோம். நான் உட்பட. 120 தாண்டியது. முன்னால் டெயில் லேம்ப் எரியாத ஒரு லாரி, சென்டர் மீடியன் இடைவெளியில் திரும்புவதற்காக மெதுவாகியிருந்தது கடைசி நொடியில்தான் தெரிந்தது. பிரேக் போட்டு, கார் லேசாகத் திரும்பி, லாரிக்குப் பின்னால் சில அடி தூரத்தில் நின்றது. யாரும் பேசவில்லை. ஆம்பூர் வரை யாரும் பேசவில்லை.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஸ்டார்ட் லைனில் இருக்கும் வீரர் பச்சை விளக்குக்காகவே காத்திருக்கிறார். அதனால் கண் இமைப்பதற்குள் கிளம்பிவிடுகிறார். நெடுஞ்சாலையில் ஓட்டும் நமக்கு எந்த விளக்கு எப்போது எரியும் என்று தெரியாது. எதிர்பாராத ஒன்றைப் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி ஆகிவிடும். 100 கி.மீ. வேகத்தில் அந்த ஒன்றரை விநாடிக்குள் வண்டி 40 மீட்டருக்கு மேல் போய்விடும், பிரேக் தொடாமலேயே. நல்ல டயர், காய்ந்த ரோடு என்றாலும் முழுசாக நிற்க மொத்தம் 95 முதல் 100 மீட்டர் தேவை. 120-ல் அது சுமார் 130 மீட்டர். லோ பீமில் தெளிவாகத் தெரிகிற தூரமோ 50, 60 மீட்டர்தான்.

நூறு கிலோமீட்டர் தூரத்தை 100-க்குப் பதில் 120-ல் ஓட்டினால் மிச்சமாவது வெறும் 10 நிமிடம். ஒரு டீ குடிக்கிற நேரம்.

ஸ்ட்ரிப்பில் 402 மீட்டர் ஓட ஒரு பாதை, நிற்க இன்னொரு பாதை. எதிரே யாரும் வரமாட்டார்கள், குறுக்கே ஆடு வராது, ஆம்புலன்ஸ் இன்ஜின் ஆன் செய்து நிற்கும். நெடுஞ்சாலையில் ஷட்டவுன் ஏரியா என்று ஒன்று கிடையாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் பத்தில் ஏழு பேரின் மரணம் அதிவேகம் என்ற காரணத்தின் கீழ் பதிவானது.

சட்டம் என்ன சொல்லுது?

பொதுச் சாலையில் அனுமதி இல்லாமல் ரேஸ் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் ஒரு வருடம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சைலன்சர் உள்ளிட்ட மாற்றங்களைச் சட்டம் அனுமதிக்காத வகையில் செய்திருந்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ தனியாக உண்டு. பதினெட்டு வயது நிறையாத தம்பியிடம் வண்டியைக் கொடுத்து அவர் குற்றத்தில் சிக்கினால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம்.

ஆசை இருந்தால் ஸ்ட்ரிப்பில் ஓட்ட வழி இருக்கிறது. எஃப்எம்எஸ்சிஐ போட்டி லைசென்ஸ், ஹெல்மெட், ரைடிங் சூட், வண்டியின் பாதுகாப்புச் சோதனை எல்லாம் தேவைப்படும். செலவு ஆகும்தான். ஆனால் உங்கள் ஓட்டம் எத்தனை விநாடி என்று ஆயிரத்தில் ஒரு பங்கு வரை சரியாகத் தெரியும். ஈசிஆரில் அது தெரியாது.

ஒருவேளை விபத்து நடந்தால்?

ஆம்புலன்ஸுக்கு 108. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் உண்டு. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்குக் குறிப்பிட்ட தொகை வரை இலவச சிகிச்சை. வெளி மாநிலத்தவருக்கும் பொருந்தும். இந்த மூன்றையும் காரில் இருக்கிற எல்லோரும் கிளம்பும் முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அப்போ, லீவு எப்போ?

திங்கட்கிழமைக்குப் போடுங்கள். முடியாவிட்டால் அரை நாளாவது கேளுங்கள், அல்லது ஒர்க் ஃப்ரம் ஹோம்.

ஞாயிறு இரவு ஸ்ரீபெரும்புதூரிலேயே தங்குங்கள். சத்தம் காதில் இருந்து இறங்கட்டும். திங்கள் காலை எட்டரைக்குக் கிளம்பினால் பன்னிரண்டுக்குள் ஆம்பூர். சீரகச் சம்பா பிரியாணி, கூடவே கத்திரிக்காய். சாப்பிட்டதும் ஸ்டியரிங் கை மாறட்டும். குறைவாகச் சாப்பிட்டவர் ஓட்டட்டும், நிறையச் சாப்பிட்டவர் பின் சீட்டில் தூங்கட்டும். நாலு மணிக்கெல்லாம் எலெக்ட்ரானிக் சிட்டி வந்துவிடலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எங்கள் குரூப்பில் ஒரு விதி இருக்கிறது. அடுத்த ரேஸுக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டால் "நான் ரெடி" என்று மட்டும் போட்டால் போதாது. திங்கள் லீவு அப்ரூவ் ஆன ஸ்கிரீன்ஷாட்டையும் போட வேண்டும். அது இல்லாதவருக்கு காரில் சீட் இல்லை.